பனியாற்றுக்கு இந்தப் பக்கம்

மாமனார் அடுப்பை ஒட்டிய பெஞ்சில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மாமியார் அவருக்கு எதிரில், மடித்த போர்வையின் மேல். மனைவி தரையில், பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால் விரல்களைத் தேய்த்துக்கொண்டு. டீக்கடைக்காரர் அடுப்புக்குப் பின்னால்.

மருமகனுக்கு மட்டும் உட்கார மனமில்லை. வாசலில் நின்றான்.

மலைச்சரிவில் உறைந்து கிடக்கும் பனியாறு, எதிரே தெரிந்த வளைவுக்கு அப்பால் இருந்தது. அரை மணி நேர நடை. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கைகூடத் தெரியாது என்று கடைக்காரர் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

மாமனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையிலிருந்து மளமளவென்று ஏறி வந்த மனிதர், கடைசி அரை மணி நேரத்துக்குச் சண்டித்தனம் செய்தார்.

"கால் வலிக்குதா மாமா?"

"கால் நல்லாத்தான் இருக்கு."

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உட்காருங்க மாப்பிள்ளை, டீ ஆறுது."

மருமகன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யாரும் படியேறக் கூடாது என்பதற்காக ராப்பகலாக உழைப்பவன். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் லீவு வாங்கியிருந்தான். அவன் ஆசைப்பட்டது கடற்கரை. மணலில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்துக்கிடப்பது, அவ்வளவுதான் அவன் திட்டம்.

பனியாற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் மாமனார். அதுவும் இந்தப் பனியாறுதானாம். ரோப் காரில் ஜம்மென்று போய் இறங்கக்கூடிய பனியாறு ஒன்று இருக்கிறது என்று போனில் படம் காட்டியும் அவர் மசியவில்லை.

சரி, வந்ததுதான் வந்தோம், கண்ணால் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று வழியில் இவனுக்கும் ஆசை பிறந்துவிட்டது. அதுதான் வினை. வேண்டாம் என்றவனை இழுத்துக்கொண்டு வந்தவர், வேண்டும் என்கிறபோது பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

காலையிலிருந்தே இதே கூத்து. விடுதியில் முகம் மழிக்கவே முக்கால் மணி நேரம். மலையேற இஸ்திரி போட்ட சட்டை. இறங்கி வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "மேல ஆளுங்க இருக்காங்களா?" என்று விசாரணை. பயம் போலிருக்கிறது என்று மருமகன் நினைத்துக்கொண்டான்.

"நீயாவது சொல்லேன்" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தான்.

வீட்டில் அப்பாவுக்கு வார்த்தைக்கு வார்த்தை பதில் கொடுப்பவள், இப்போது காலுறையில் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருங்க. அவரா எழுந்திருப்பாரு."

"எப்ப? பனியெல்லாம் உருகி முடிச்சப்புறமா?"

யாரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் வெளியே போய், கோவேறு கழுதையின் மேல் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஏற்றத் தொடங்கினார். மேலே கூடாரம் போட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு தினமும் இங்கிருந்துதான் சாப்பாடு போகிறது.

பாத்திரச் சத்தம் கேட்டதும் மாமனார் அவசரமாகப் பையைத் திறந்தார். அப்பாடா, தொப்பியை எடுக்கப் போகிறார் என்று மருமகன் நிமிர்ந்தான்.

வெளியே வந்தது எழுதுகிற அட்டை. பின்னாலேயே தாள், பேனா, உறை.

குடிநீர் வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், பேனாவுக்கு இல்லை. விடுதியில் வெந்நீர் வரவில்லை என்று ஒரு கடிதம், பஸ் ஜன்னல் மூடவில்லை என்று ஒரு கடிதம். இப்போது மலை செங்குத்தாக இருக்கிறது என்று யாரிடம் புகார் செய்யப் போகிறாரோ.

வலது மூலையில் தேதி. கீழே ஒரு வரி. அடித்தார். புதுத் தாள், மறுபடியும் தேதி. அடித்தல் திருத்தலோடு அவரிடமிருந்து ஒரு கடிதமும் வெளியே போகாது.

மூடுபனி வளைவைத் தொட்டுவிட்டது. மருமகனுக்கு அழுகை வரும் போலிருந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் படிச்சுப் பாருங்க. கடுமையா இருக்கா?"

பிடுங்காத குறையாக வாங்கினான்.

'நாங்கள் கீழே டீக்கடை வரை வந்திருக்கிறோம். பனியாற்றைப் பார்க்க வரவில்லை. நீ சரியென்றால் மேலே வருகிறோம். இல்லையென்றால் இப்படியே இறங்கிவிடுகிறோம். அப்பா.'

அவன் மனைவியைப் பார்த்தான்.

"அக்கா" என்றாள் அவள், காலுறையைப் பார்த்தபடியே.

இவர்கள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத அக்கா. மாமியாருக்கு ஆபரேஷன் நடந்தபோதும் லீவு கிடைக்காத அக்கா. எங்கோ தூரத்தில் வேலை என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. இவனும் கேட்டதில்லை.

"அரை மணி நேரம் நடந்தா நேர்லயே கேட்டுடலாமே மாமா." குரலில் எரிச்சல் இன்னும் மிச்சமிருந்தது.

மாமனார் தாளைத் திரும்ப வாங்கி மடித்து உறையில் போட்டார். மாமியார்தான் சொன்னார்.

"ஐஸ் கட்டியை அளக்கறதெல்லாம் ஒரு பொழைப்பான்னு நேர்லதான் கேட்டாரு. அன்னிக்குப் போனவதான்."

கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏதாச்சும் குடுக்கணும்னா குடுங்க. கிளம்பறேன்."

மாமனார் உறையின் மேல் மகளின் பெயரை எழுதினார். ஒரு கணம் பேனா நின்றது. பிறகு பெயருக்குக் கீழே, ஆபீஸ் கையெழுத்தில், 'முதுநிலை ஆய்வாளர், பனியாற்று அளவீட்டுப் பிரிவு' என்று எழுதினார். பதவி என்ன என்று யாரையும் கேட்கவில்லை.

உறையின் பசை காய்ந்துபோயிருந்தது. நாக்கில் தொட்டுத் தொட்டு ஒட்டியும் வாய் பிளந்துகொண்டது. மருமகன் அதை வாங்கி, கால்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, உறையின் வாயில் அழுத்தி ஒட்டி, ஓடிப்போய்க் கடைக்காரர் கையில் கொடுத்தான்.