செம்பு முகம்

"முடியாதுன்னா முடியாதுதான். இந்த முகத்துல நான் உளி வைக்க மாட்டேன்" என்றார் சகரியா.

மோல்தாவிய மலையடிவாரத்து அந்தச் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் சலசலத்தார்கள். ஏணி சாத்தியாகிவிட்டது. உருக்கக் கொண்டுபோக வண்டியும் வந்து நின்றது. பிரபு யோர்தாகேயின் செம்புச் சிலையை இறக்க நகரசபை தீர்மானம் போட்டு, அந்தப் பழைய ஆணிகளைக் கழற்றத் தெரிந்த ஒரே செம்புக் கொல்லர் என்று சகரியாவை அழைத்திருந்தது.

வியோரிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினொரு வருஷம் படியேறி, மனுக் கொடுத்து, ஏச்சு வாங்கிப் பெற்ற தீர்மானம். அதைக் கெடுப்பது கூடப்பிறந்த அண்ணனா?

"அண்ணே, நம்ம நாடோடி ரோமா ஜனத்துல முந்நூறு குடும்பத்தை ஆடுமாடு மாதிரி வச்சிருந்தவன் இவன். நம்ம பூட்டனோட அப்பாவை ரெண்டு எருதுக்கு வித்தவன். அப்போ பூட்டனுக்கு எட்டு வயசு. மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பின்னே ஏன் இந்த வழியாப் போறப்பல்லாம் தொப்பியைக் கழட்டுறே? அப்பாவும் கழட்டினார். விசுவாசமான அடிமைங்கன்னு ஊரே சிரிக்குது. நான் ஐம்பது வருஷமாக் குனிஞ்ச தலையோட இந்த இடத்தைத் தாண்டுறேன். ஒருநாள்கூட அந்த மூஞ்சியை நிமிர்ந்து பார்த்ததில்லை!"

சகரியாவின் இடது புருவம் நெரிந்தது. அதன் நடுவில் முடியே முளைக்காத பிறவிக் கோடு ஒன்று உண்டு. வியோரிகாவுக்கும் உண்டு. அப்பா வழியில் இருவருக்கும் வந்த சொத்து அது ஒன்றுதான்.

மேயர் ஒவிடியூ குறுக்கே வந்தார். "சண்டை வேணாம் வியோரிகாம்மா. எனக்கும் சங்கடம்தான். அரண்மனை எரிஞ்சப்போ பிரபுவோட படமெல்லாம் போயிடுச்சு. அவர் செத்து ஐம்பது வருஷம் கழிச்சு, அங்கே அடிமையா இருந்த செம்புக் கொல்லர் உங்க பூட்டனை வச்சுப் பிரபுவோட பேரன் செய்யச் சொன்ன சிலை இது. அவர் முகம்னு மிச்சம் இருக்கிறதே இதுதான்."

"அதனாலதான் உருக்கச் சொல்றேன்!"

சகரியா ஏணியில் ஏறினார். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையவில்லை. பீடத்திலிருந்த பெயர்ப்பலகையின் நான்கு ஆணிகளையும் நாலே தட்டில் தெறிக்கவிட்டார். பலகை கணீரென்று கீழே விழுந்தது.

"இதைக் கொண்டுபோய் உருக்குங்க. பிரபுவோட பங்கு இவ்வளவுதான்."

"பேரை எடுத்துட்டு ஆளை விட்டுடுறியா?" என்று கத்தினாள் வியோரிகா.

"மேலே ஏறி வா."

"எதுக்கு? கும்பிடவா?"

"வா வியோரி. சாகப்போற மூத்தவன் அடுத்த மூத்தவனுக்கு மட்டும்தான் இதைச் சொல்லணும்னு நம்ம குடும்பத்துல கட்டளை. வெளியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பூட்டன் தோலை உரிச்சிருப்பாங்க. இன்னிக்கு நான் மீறுறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். வாழ்வில் முதல்முறையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

அடர்ந்த தாடி. அகன்ற நெற்றி. இடது புருவத்தின் நடுவில், உளியால் கவனமாக இறக்கிய ஒரு கோடு.

அவளுடைய விரல் தானாகத் தன் புருவத்துக்குப் போனது.

"பிரபுவைப் பூட்டன் எங்கே சரியாப் பார்த்திருக்கார்?" என்றார் சகரியா மெதுவாக. "வாங்கினவன் தன் வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போறப்போ, எட்டு வயசு மகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போச்சே ஒரு முகம்... அது ஒண்ணுதான் அவருக்கு மனப்பாடம்."

வியோரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"மேயரே, அந்த வண்டியைத் திருப்பி அனுப்புங்க. எங்க பூட்டனோட அப்பா இன்னொரு தடவை எந்த வண்டியிலயும் போக மாட்டார்."