சுவரில் ஒரு சாட்சி

அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் பல்லிதான் சாட்சி. சாம்பாரில் உப்பு கரிக்கிறது என்று மாமியார் சொன்னால் போதும், சுவரிலிருந்து ‘ச்ச் ச்ச்’. “பாத்தியா, சொல்லுது” என்று விரலால் தரையைத் தட்டிக்கொள்வாள். “உன் வாய்க்குப் பயந்துதான் எம்புள்ள வீட்ட விட்டுப் போனான்” என்றபோதும் அது சொல்லித் தொலைத்தது. மருமகள் பவளக்கொடிக்கு வந்ததே ஆத்திரம்! விளக்குமாற்றை எடுத்து, பீரோவை நகர்த்தி, டியூப்லைட்டைத் தட்டி, பல்லியைத் தெருவுக்கு விரட்டிய பிறகுதான் ஓய்ந்தாள். “இனிமே எது சொல்லுதுன்னு பாக்கலாம், அத்தே.”

சாயங்காலம் மாமியார் வழக்கம்போல, “எம்புள்ள வந்துருவான்” என்றாள். போனவனிடமிருந்து இன்றுவரை ஒரு போன்கூட இல்லை. சுவரைப் பார்த்துக் காத்திருந்தாள். சத்தமில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் இல்லை. கடைசியில், “வந்துருவான்ல?” என்று சுவரிடமே கேட்டாள்.

அடுப்படியில் பவளக்கொடி பல்லைக் கடித்தாள். சனியன், இதையும் நான்தான் செய்யணுமா? நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தாள். ‘ச்ச் ச்ச்.’

கூடத்தில் விரல் தரையைத் தட்டுவது கேட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பவளக்கொடியும் அடுப்பு மேடையைத் தட்டினாள்.