இரண்டிரண்டாக

அந்த நடைபாலத்தைத் தினம் முந்நூறு பேர் கடந்தார்கள். இருபது வருடத்தில் அதை அறுநூறாக்குவது நகரத்தின் திட்டம். கடப்பவர்களை எண்ண ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

மனைவி இறந்த மறுவாரம் அவன் தனியாகக் கடந்தபோது பெட்டியில் இரண்டு கூடியது. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றுதான். அதிகாரியிடம் சொன்னான்.

"கூடத்தானேய்யா செய்யுது, குறையலையே? விடு."

விட்டான். வேலை முடிந்ததும் செருப்புத் தேய அங்குமிங்கும் நடந்தான். ஒவ்வொரு முறையும் இரண்டு. தினம் நூற்றைம்பது தடவையாவது நடக்காமல் வீட்டுக்குப் போகமாட்டான்.

திட்டத்தின் இரண்டாம் வருடமே தினக்கணக்கு அறுநூறை எட்டிவிட்டது. அலுவலகத்தில் கை தட்டினார்கள்.

"சாதிச்சுட்டோம்யா! அந்தப் பெட்டியைக் கழட்டிடு."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே சார்."

"இலக்குதான் முடிஞ்சுபோச்சே. இனி யாரை எண்ணப் போற?"

மறுநாள் காலை ஏணியில் ஏறி முதல் திருகாணியைக் கழற்றினான். பாலத்தில் ஈ காக்கை இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணில் ஒன்று கூடியது.

அவசரமாக இறங்கி, பெட்டியைத் தாண்டி அக்கரைவரை நடந்தான். திரும்பி வந்து பார்த்தான். போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று.