இருபத்திரண்டு பேருக்கும் பத்து

ஆங்கில ஆசிரியை வேணுகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீனாவிலிருந்து ஆரா நகருக்குப் படிக்க வந்திருக்கும் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு, தானே தயாரித்து ஓர் ஆங்கிலச் சோதனை வைத்திருந்தாள். இலக்கணத்திலும் சொல்வளத்திலும் தடுமாறியவர்கள், வாசிப்புப் பகுதியில் மட்டும் இருபத்திரண்டு பேரும் பத்துக்குப் பத்து!

"கொப்பி அடிச்சிட்டினம். பள்ளிக்கூட டிரெக்டருக்குக் கடிதம் எழுதிவைச்சிட்டன். அனுப்புறதுதான் மிச்சம்."

"அனுப்பினால்?" என்றான் கணவன் சுதேசன்.

"நாட்டுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

அகதியாக வந்த சுதேசனுக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. "அவசரப்படாதையும். கேள்வித்தாளைத் தாரும் பாப்பம்."

ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவன், வாசிப்புப் பகுதியின் பத்துக் கேள்விக்கும், கொடுத்திருந்த விடைகளில் ஒவ்வொன்றைத் தெரிந்து கடகடவென்று புள்ளடி போட்டுக் கொடுத்தான். வேணுகா திருத்திப் பார்த்தாள். பத்தும் சரி.

"எப்பிடி?"

"இங்க தங்கிறதுக்கான பெர்மிற்றுக்கு நாலுதரம் டொச் பாஷைச் சோதினை எழுதினனான். விளங்காட்டில் ஆக நீளமான விடைக்குப் போடுறதுதான். நீரும் சரியான விடையைத்தான் நீட்டி எழுதியிருக்கிறீர். அதுசரி, வாசிக்கிற பந்தி எங்க? இதில இல்லையே?"

அவள் பாய்ந்துபோய்ப் பையைத் திறந்தாள். போட்ட இறப்பர் வளையம் போட்டபடி, இருபத்திரண்டு பந்தித் தாள்களும் அடியில் கிடந்தன. ஒரு பிள்ளைகூடக் கையை உயர்த்திக் கேட்டிருக்கவில்லை.

டிரெக்டருக்கு எழுதிய கடிதத்தை வேணுகா அழிக்கவில்லை. இருபத்திரண்டு பெயர்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரை எழுதி அனுப்பினாள்.