கல் ஒத்துவர வேண்டும்

இடது கை மறுபடியும் வலித்தது.

அவர் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். வாட்ச் மறைந்தது. வலி அப்படியேதான் இருந்தது.

சாமி அறையில் மனைவி உமையாள் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது.

வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது. உமையாள் பிறந்த வீட்டில் கல் வாங்கினால் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்கள். அதற்குள் வீட்டில் கெட்டது எது நடந்தாலும் கல் கடைக்குத் திரும்பிவிடும். தோட்டுக்கும் மூக்குத்திக்கும் போட்ட சட்டத்தைக் கடிகாரத்துக்குப் போடலாமா என்று அவர் வாதாடிப் பார்த்தார்.

"கல்லு கல்லுதாங்க," என்றாள் அவள்.

அதோடு பேச்சு முடிந்தது.

வாட்ச் வியாபாரி ஜாபர் எதையும் அப்படிப் பணம் வாங்காமல் நம்பிக் கொடுத்தனுப்புகிற ஆள் இல்லை. வைரம், மூன்று நாள் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொடுத்தார். திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ள கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் காத்திருக்கிறார் என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பார்க்கப்போனால் அது வெறும் ஸ்டீல் வாட்ச். கடலுக்குள் முங்கினாலும் ஓடும், சுவரில் மோதினாலும் தாங்கும் என்று செய்த முரட்டுச் சாமான். அதன் முகத்தைச் சுற்றிக் கம்பெனிக்காரனே வைரம் பதித்திருக்கிறான். கடலில் முங்குகிறவனுக்கு வைரம் எதற்கு?

எதற்கும் இல்லை. அந்தக் கிறுக்குத்தனத்துக்காகவே சேகரிக்கிறவர்கள் அதன் பின்னால் அலைகிறார்கள். வெளியில் கொடுத்துப் பதித்தது என்றால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கல்லோடு பிறந்தது வேண்டும். அப்படி வந்தது கொஞ்சம்தான். வாங்கியவன் எவனும் விற்பதில்லை.

அவருக்கு இரும்புக்கடை. லாரி லாரியாகக் கம்பி விற்கிறவர், இந்த ஒரு பிடி எஃகுக்காக வருஷக்கணக்கில் ஏங்கினார். மகளுக்கு மாப்பிள்ளை தேடக்கூட இப்படி அலையவில்லை என்று உமையாள் சொல்வாள். உண்மைதான்.

அதனால் மூன்று நாளாக அந்த வீட்டில் கெட்டது எதுவும் நடக்கவில்லை.

பால் திரிந்தது. அவள் அடுப்படிக்கு வருவதற்குள் கொட்டிவிட்டு, ஓடிப்போய் வேறு பாக்கெட் வாங்கி வைத்தார்.

கார் கதவில் எவனோ ஆணியால் கோடு போட்டிருந்தான். கோடு சுவரைப் பார்க்கும்படி காரைத் திருப்பி நிறுத்தினார்.

பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டுக் காய்ச்சல் என்றாள். அம்மாவிடம் மூச்சு விடாதே என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. வாட்சைப் பார்த்தார். வெட்கம் போய்விட்டது.

இன்றைக்கு மத்தியானம் கடையில் மாடி ஏறும்போது நெஞ்சைப் பிசைந்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்தார். ஏப்பம் வந்தது. வலி தோளுக்கு ஏறி, கைவழியாக இறங்கியது.

வாட்ச் கனம். அதனாலாக இருக்கும்.

கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழற்றவில்லை.

எழுந்தார். உட்கார்ந்தார். ஃபேனைக் கூட்டினார். ஜன்னலோரம் போய் நின்று பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சு பாதியில் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பயமாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பயம். அவருடைய அண்ணனும் இப்படித்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி தெருமுனையில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொன்னால் உமையாள் பதறுவாள். அழுவாள். கூடவே கையையும் பார்ப்பாள். நாளைக்கே வாட்ச் கோயம்புத்தூர் ரயில் ஏறிவிடும். டாக்டர் அதைக் கட்டிக்கொண்டு ஊரார் நாடியெல்லாம் பிடித்துப் பார்ப்பான்.

இன்றைக்குப் போனால்தானே கல்லின்மேல் பழி? நாளைக்குப் போனால் அது வெறும் நெஞ்சுவலி.

உமையாள் விளக்கை ஏற்றிவிட்டு, குங்குமச் சிமிழோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கையைக் கொடுங்க."

கொடுத்தார். அவள் சட்டைக் கையைத் தள்ளிவிட்டு, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்லில் படாமல் வாட்ச் பட்டையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் வைரங்கள் பளபளத்தன. அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. அவள் பார்க்கவில்லை. அவளும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகாத்தாங்க இருக்கு," என்றாள், முதல் தடவையாக. "மூணு நாளும் ஒரு குறையும் இல்ல. ஒத்துக்கிச்சு."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா. இனிச் சொல்லலாம். சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி தெருமுனை வரைக்கும் நடந்துவிடலாம்.

வாயைத் திறந்தார்.

"இந்த ராத்திரியும் நல்லபடியாப் போயிடட்டும்ங்க," என்றாள் உமையாள். "விடிஞ்சா உங்களுது."

அவர் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.