பார்க்காத மாட்டுக்கு மருந்து இல்லை

கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு அவள் நின்றாள்.

மறுமுனையில் ஒரு மாடு.

அவளுடையது அல்ல.

அவளுடைய மாடு இரண்டு மைல் தள்ளிக் கொட்டகையில் கிடந்தது. கன்று போட்டு மூன்றாம் நாள். விடியும்போதே கால் மடங்கிவிட்டது. கழுத்தைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டது. காதைத் தொட்டால் கிணற்றடிக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அது ஒன்றுதான்.

பால் சொசைட்டிக்காரர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். பால் காய்ச்சல். ஒரு கால்சியம் பாட்டில் நரம்பில் ஏறினால் எழுந்து நிற்கும். ஏறாவிட்டால் பொழுது சாய்வதைப் பார்க்காது.

காலையிலேயே ஒருமுறை இந்தக் கால்நடை மருந்தகத்துக்கு ஓடிவந்தாள்.

வாசலில் புதுப் பலகை. பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று அவசரமாக எழுதியது.

நேரில் பார்க்காத மாட்டுக்கு மருந்து எழுதப்படமாட்டாது.

ஊசி மருந்து கையில் கொடுக்கப்படமாட்டாது.

பணி நேரத்தில் மருத்துவர் வெளியே செல்லமாட்டார்.

மூன்றும் நியாயமான விதிகள்தாம், தனித்தனியாகப் பார்த்தால். மூன்றுக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டு நோயில் விழ அவள் மாட்டுக்குத்தான் தெரியவில்லை.

"மாட்டைக் கொண்டு வாங்கம்மா" என்றார் டாக்டர்.

"எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க சார்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே இளநீரோடு உட்கார்ந்திருந்த மேலதிகாரி முந்திக்கொண்டார்.

"எந்திரிச்சதும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."



மருந்துக்கடைக்காரன் சீட்டு கேட்டான். சீட்டோ மாடு கேட்டது.

ஆகவே மாடு கொண்டுவந்தாள்.

பக்கத்துக் கொட்டகை, பங்காளி வீட்டு மாடு. கேட்டு அவிழ்க்கவில்லை. கேட்கிற அளவுக்கு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதே நிறம், நெற்றியில் அதே வெள்ளை. பதற்றத்தில் கண்ணில் பட்டது அவ்வளவுதான். அது இன்னும் கன்றே போடாத கிடாரி என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

திரும்பிப் போக நேரமில்லை.

கிடாரி துள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. வரவேற்புக்குக் கட்டியிருந்த வாழைமரத்தில் ஓர் இலையை இழுத்துச் சாவகாசமாக மென்றது. சாணி போட்டது. அந்த வட்டாரத்தில் அன்று அதைவிடத் திடகாத்திரமான ஜீவன், உள்ளே இரண்டாவது இளநீரில் இருந்தவர் மட்டும்தான்.

டாக்டர் வெளியே வந்து மாட்டைச் சுற்றினார். குனிந்து மடியைப் பார்த்தார். மடி என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. நாலு சுண்டுவிரல்.

"கன்னு போட்டு எத்தனை நாளாச்சு?"

"மூணு நாளுங்க."

சொன்னது அவள் காதுக்கே எட்டவில்லை.

அவர் மாட்டின் காதைப் பிடித்தார். கதகதப்பான காது. விடாமல் பிடித்திருந்தார். பிறகு அவளைப் பார்த்தார். முழங்கால்வரை சாணிச் சேறு. கிடந்த மாட்டை நெம்பிப் பார்த்ததில் தோளில் மூங்கில் பதிந்து கன்றிப்போன தடம்.

சீட்டில் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"காது சில்லுன்னு இருக்கு. நிக்க முடியல."

நிற்க முடியாத கிடாரி அடுத்த இலைக்கு எக்கியது.

"என்ன கேஸ்?" உள்ளிருந்து குரல்.

"பால் காய்ச்சல் சார்."

"மாடு வந்திருக்கா?"

"வந்திருக்கு சார். நேர்ல பார்த்தாச்சு."

"அப்பப் போடுங்க. விதின்னா விதி."

உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பாட்டில் வந்தது. அலமாரியில் இருந்த கடைசி ஒன்று. அவள் கையை நீட்டினாள். டாக்டர் கண்ணால் பலகையைக் காட்டினார்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

அவர் கிடாரியின் கழுத்தைத் தடவினார்.

நல்ல மாட்டுக்கு இது ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்றும் சொசைட்டிக்காரர் சொல்லியிருந்தார். இங்கே ஒன்று சாயும். அங்கே ஒன்று சாயும். உண்மையைச் சொன்னாலோ, பாட்டில் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது.

டாக்டர் நரம்பைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்து நின்ற நரம்பு அவர் ஒருவர் கைக்கு மட்டும் அகப்படவில்லை.

பிறகு, உள்ளே கேட்கும்படி சொன்னார்.

"கயித்தை மட்டும் விட்றாதீங்கம்மா. இது சீட்டு எழுதுன மாடு. ஓடிருச்சுன்னா, எங்க போய் நிக்குதோ அங்கயே வந்து நான் போட்டாகணும். ஆரம்பிச்ச வைத்தியத்தைப் பாதியில விடக்கூடாது. என்ன சார், சரிதானே?"

"பின்னே? கட்டாயம் போய்ப் போட்டுத்தான் ஆகணும்."

டாக்டர் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். வெளியே வந்த கையில் ஸ்கூட்டர் சாவி இருந்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள். கயிறு இறுகி விரல்கள் வெளுத்திருந்தன.

கிடாரி இலையை விட்டுவிட்டு, வந்த வழியைப் பார்த்துக் காதை ஆட்டியது.

அவள் முதல் சுற்றை அவிழ்த்தாள்.