மூன்றாவது வரிசை வில்லன்

"வில்லன் இல்லாம படம் நிக்காதுடா!" என்று கேன்டீன் மேஜையைத் தட்டினான் டைரக்டர்.

கல்லூரி இறுதியாண்டு மாணவன்தான். முதல் வருஷமே கழுத்தில் மஃப்ளரோடு வந்து இறங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"நேரடிக் கச்சேரி கேட்கும் அனுபவம்" என்பது அவன் ஆவணப்படம். அதன் திட்டத்தைத் துறைத்தலைவர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். 'தத்துவமெல்லாம் இருக்கு, மனுஷனைக் காணோமே' என்பது அவர் புகார். மூன்றாவது முறையும் திரும்பி வந்தால் இந்த வருஷம் பாஸ் கிடையாது.

"இன்னைக்குக் கச்சேரில ஒருத்தனைப் பிடிக்கிறோம். நேர்ல வந்து உக்காந்துட்டு, மேடையைப் பாக்காம போனையே பாக்கிறானே, அவன்தான் நம்ம வில்லன். அடுத்தவங்களைப் பத்தி இவங்களுக்கு அக்கறையே கிடையாது. அதைத் தோலுரிச்சுக் காட்டறோம்."

"நாம கச்சேரி கேக்க வேணாமா?" என்றாள் மைக்கம்மா. ஒலிப்பதிவு அவள் பொறுப்பு.

"நாம படைப்பாளிங்கம்மா. கேக்கிறதுக்கா போறோம்?"

கேமராக்காரன் லென்ஸ் கொட்டாவி விட்டான்.

மாலையில் அரங்கத்துக்குள் நுழைந்ததும் டைரக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலிகளெல்லாம் தரையோடு பொருத்தியவை. மூன்றாவது வரிசை ஓரத்தில் மட்டும் நாற்காலியே இல்லாமல் அம்சமான காலி இடம். கேமரா வண்டியை உருட்டி வர வாசலிலிருந்து சரிவுப் பாதை வேறு.

"நமக்குன்னே விட்டு வச்சிருக்காங்க பாரு!"

"கீழ ஏதோ நீலப் பெயிண்ட்ல வரைஞ்சிருக்குடா," என்றான் லென்ஸ்.

"ஃப்ரேம்ல அசிங்கமாத் தெரியும். துணியைப் போட்டு மூடு."

கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தினார்கள்.

கூட்டம் வரத் தொடங்கியது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் காலி இடத்துக்குப் பக்கத்து நாற்காலி வரை வந்தார். கேமராவைப் பார்த்தார். பேச வாயெடுத்தவர், ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

"கேமராவைப் பாத்ததும் தலை சீவப் போறாரு," என்று சிரித்தான் டைரக்டர்.

சற்று நேரத்தில் அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பாடகி வாயைத் திறந்ததுதான் தாமதம், போனை மேடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் இறக்கவே இல்லை. கை வலித்தால் மறு கைக்கு மாற்றினார். மேடையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்வரிசைக்காரர் "சார், மறைக்குது" என்றபோது, "மன்னிச்சுக்குங்க" என்று சரிந்து உட்கார்ந்துகொண்டாரே தவிர, போனை விடவில்லை.

"சிக்கினான்டா!" டைரக்டருக்கு வாயெல்லாம் பல். "பாடகியை விடு. இவர் மூஞ்சியை விட்டு கேமரா நகரக் கூடாது."

அரங்கமே உருகிப்போய்க் கை தட்டியது. எந்தப் பாட்டுக்கு என்று இவர்கள் மூவருக்கும் தெரியாது.

கச்சேரி முடிந்ததும் டைரக்டர் மைக்கோடு அவர்மேல் பாய்ந்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரே கேள்வி. இவ்வளவு தூரம் நேர்ல வந்துட்டு, முழுக் கச்சேரியையும் போன்லயே பாத்தீங்களே, இது நியாயமா?"

"நான் எங்க தம்பி பாத்தேன்? என் வீட்டம்மாவுக்குக் காட்டிக்கிட்டிருந்தேன்." போனைத் திருப்பினார். திரையில் ஓர் அம்மாள் சிரித்தார். அவருக்குப் பின்னால் தெரிந்தது இதே அரங்கத்தின் வாசல் கதவு.

"வெளியிலதான இருக்காங்க? உள்ள கூட்டிட்டு வர வேண்டியதுதான சார்?" டைரக்டர் விடுவதாயில்லை.

மீசைக்காரர் போனை அவன் பக்கம் நீட்டினார். போனிலிருந்த அம்மாளே பேசினார்.

"என் சக்கர நாற்காலிக்கு அந்த ஒரு இடம்தான் தம்பி, உங்க கேமரா நிக்குதே, அது. வெளிய வந்து என்கிட்டச் சொல்லிட்டு, திரும்ப உங்ககிட்டக் கேக்கப் போறேன்னாரு இவரு. படிக்கிற பிள்ளைங்க, பரீட்சைக்கு எடுப்பாங்க போலிருக்கு, எழுப்பாதீங்கன்னு நான்தான் தடுத்துட்டேன். படம் நல்லா வந்துச்சாப்பா?"

டைரக்டர் கையிலிருந்த மைக் மெல்லத் தாழ்ந்தது. மைக்கம்மா குனிந்து கறுப்புத் துணியை விலக்கினாள்; அடியில் நீலப் பெயிண்டில் சக்கர நாற்காலிச் சின்னம்.

லென்ஸ் கேமராவை நிறுத்தவில்லை. அதை அப்படியே டைரக்டரின் முகத்துக்குத் திருப்பினான்.

"அசையாம நில்லுடா," என்றான். "வில்லன் இப்பதான் ஃப்ரேமுக்குள்ள வந்திருக்கான்."